ஐம்பத்தைந்து வயதுவரை

அண்ணை,

இன்று காலை தொழிற்சாலைக் கதவைத் திறந்ததும், சூடேறிய திரைச்சீலைத் துணியின் வாசம் முகத்தில் அடித்தது. உங்கள் வெட்டுமேசையில் இப்போது ஒரு மலேசியப் பெண் நிற்கிறாள். கெட்டிக்காரி. ஆனாலும் அந்த வாசம் வந்தால் அங்கே நீங்கள் நிற்பதாகவே படுகிறது.

பரமட்டாவில் ஏழு பேர் வேலைசெய்யும் சின்ன இடம் இது. சம்பளம், லீவு, சூப்பர் எல்லாம் என் தலையில். ஓய்வுக்காலத்துக்கென்று முதலாளி கட்டாயமாகப் போடும் சூப்பர் போக, விரும்பியவர் தன் சம்பளத்திலும் ஒரு பங்கைக் கைக்கு வருமுன்பே அதற்குள் அனுப்பலாம், வரி குறையும். நீங்கள் தனிக்கட்டை, சென்னையில் ஒரு அக்கா மட்டும். உங்களுக்கு இது நல்லதென்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

படிவம் நாலு பக்கம். நான் ஒரே வரியில் முடித்தேன்: “சீட்டுக் கட்டுற மாதிரித்தான் அண்ணை.” நன்றாக விளங்கப்படுத்திவிட்டேன் என்று பெருமை வேறு! வெஸ்ட்மீட்டில் எங்கள் ஆட்களோடு வருடக்கணக்காகச் சீட்டுப் பிடித்தவர் நீங்கள். அவசரமென்றால் கழிவு கொடுத்து முன்னுக்கே எடுக்கலாம் என்பதுதான் உங்களுக்குத் தெரிந்த சீட்டு. “அப்ப பயமில்லை” என்று கையெழுத்து வைத்தீர்கள். வெஸ்ட்மீட் சீட்டை நிறுத்தி அந்தக் காசையும் இதற்குள் போட்டீர்கள். ஐம்பத்தைந்து வயதுவரை இதைத் தொடமுடியாது என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு அப்போது நாற்பத்தைந்து.

மூன்றாம் வருடம் அக்காவுக்கு இருதய ஒப்பரேஷன் என்று போன் வந்தது. “சீட்டை எடுக்கப்போறன், தங்கச்சி” என்று என் மேசைக்கு வந்தீர்கள். முகத்தில் கலக்கமே இல்லை. உங்கள் முன்னாலேயே சூப்பர் கந்தோருக்குப் போன் எடுத்தேன். உங்களை நம்பி வாழும் மனைவி, பிள்ளையின் வைத்தியச் செலவென்றால் முன்னுக்கே எடுக்க விண்ணப்பிக்கலாமாம். தன் பென்ஷனில் வாழும் அக்கா அந்தக் கணக்கில் வரமாட்டாவாம்.

“என்ர காசுதானே?” என்றீர்கள்.

“ஓம் அண்ணை.”

நீங்கள் அங்கும் இங்கும் கடன் பட்டு அனுப்பிய காசு, அக்கா கண்ணை மூடி நாலாம் நாள்தான் சென்னைக்குச் சேர்ந்தது.

அந்தக் கிழமையே வந்து, “அந்தப் பிடித்தத்தை நிப்பாட்டிவிடும். இனி ஆருக்கு?” என்றீர்கள். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் கொஞ்சமாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஐம்பத்திரண்டு வயதில் நீங்களும் போய்விட்டீர்கள். அதன்பிறகு அந்தக் காசு ஒரு கேள்வியுமின்றி வெளியே வந்து, நீங்கள் முகமே பார்த்திராத ஒரு ஒன்றுவிட்ட தம்பிக்குப் போனது. பேப்பர்களை அனுப்பியவளும் நான்தான்.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் படிவத்தை வரிவரியாக வாசிக்கிறேன். அவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அலுக்கட்டும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் வாயெடுத்தேன். ஒவ்வொரு தரமும் நீங்கள் முந்திக்கொண்டு, “தேத்தண்ணி குடிச்சிட்டீரோ, தங்கச்சி?” என்று கேட்டீர்கள். நானும் “ஓம்” என்று சொல்லிவிட்டு, ஐந்து வருடம் சும்மா இருந்தேன்.