ஈறு தெரியாத சிரிப்பு

விஷ்ராந்த்வாடி, புனே
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நிர்மலுக்கு,

கிரிஜா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். மழை பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. துவைத்த துணி ஹாலிலேயே காய்கிறது, வீடு முழுக்க ஈர வாசனை. உங்கள் இருமல் நின்றதா? ஸ்டுட்கார்ட்டில் கோடைக்காலத்திலும் காலையில் குளிர் இருக்கும் என்றீர்களே, காதை மூடிக்கொண்டு போங்கள்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நாம் சாப்பிட்டாயா, சாப்பிட்டீர்களா என்பதைத் தாண்டுவதற்குள் உங்களுக்கு ரயில் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு ரயில் கிடையாது. கை வலிக்கும் வரை எழுதலாம்.

நீங்கள் லிங்க் அனுப்பிய அந்த மகர்பட்டா பல் ஆஸ்பத்திரிக்கு நேற்றுப் போய்வந்தேன். பொங்கலுக்கு உங்கள் ஆபீஸ்காரர்களோடு வீடியோவில் பேசினோமே, அதற்கு மறுநாள் நீங்கள் தனியாகக் கூப்பிட்டு, "கோவிச்சுக்காத கிரி, அவங்க முன்னாடி கொஞ்சம் உதட்டை மூடிச் சிரி" என்றீர்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்கூலிலேயே எனக்குப் பட்டப்பெயர் இருந்தது, உங்களிடம் சொன்னதில்லை. ஆனால் நீங்கள் அந்த லிங்க்கை அனுப்பி, நான் ஜெர்மனிக்கு வருவதற்கு முன் முடித்துவிட்டால் நல்லது என்று எழுதியதை மட்டும் பலமுறை எடுத்துப் படித்தேன். "வருவதற்கு முன்" என்று இருந்தது இல்லையா, அதற்காக.

டாக்டர் மராத்திக்காரப் பெண், என்னைவிடச் சின்னவள். ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிப் பொறுமையாகச் சொன்னாள். சிரிக்கும்போது ஈறு அதிகம் தெரிவதற்குக் காரணம் ஆளுக்கு ஆள் வேறாம். சிலருக்குப் பல்லின் மேல் ஈறு இறங்கி மூடியிருக்கும். அதை லேசரில் செதுக்கிவிட்டால் பல் நீளமாகத் தெரியும். சிலருக்கு மேலுதடு அளவுக்கு மீறி ஏறும். அவர்களுக்கு உதட்டோரம் ஒரு ஊசி போட்டால் சில மாதம் அடங்கி இருக்கும், பிறகு மறுபடி போட வேண்டும். உதட்டை உள்பக்கமாகத் தைத்து இறக்கி வைக்கிற முறையும் உண்டு. மேல்தாடை எலும்பே நீளமாக வளர்ந்திருந்தால் அது பெரிய ஆபரேஷன். அந்த இடத்தில் நான் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவள் கவனித்துவிட்டு, உங்களுக்கு அது இருக்காது, பயப்படாதீர்கள் என்றாள்.

எனக்கு எது என்று தெரிய, நான் நிஜமாகச் சிரிப்பதை வீடியோ எடுத்துப் பார்க்க வேண்டுமாம். கேமராவைச் சரிசெய்துவிட்டுச் சிரிக்கச் சொன்னாள். சிரித்தேன். இது போட்டோச் சிரிப்பு என்றாள். இன்னும் கொஞ்சம் என்றாள். போனில் ஒரு குழந்தை தர்பூசணியோடு உருளுகிற வீடியோ காட்டினாள். பாவம், எவ்வளவோ முயற்சி செய்தாள். என் உதடு பழகிய இடத்திலேயே போய் நின்றுகொண்டது. பல் நுனி மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வதற்கு எத்தனை வருஷப் பழக்கம்!

கடைசியில் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டாள், உங்களைச் சிரிக்க வைக்கிறவர் யாராவது இருந்தால் அடுத்த தடவை கூட்டிக்கொண்டு வாருங்களேன், உங்கள் கணவர் வருவாரா என்று. வெளிநாட்டில் இருக்கிறார் என்றேன். அப்படியானால் ஒரு தோழி, அக்கம்பக்கத்தில் யாராவது என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன், யாரைக் கூட்டிக்கொண்டு போவது? போசரியில் ஆபீஸில் எல்லோரும் நல்லவர்கள்தான். டிபன் டப்பாவைத் திறந்தால் என் தட்டில் ஒரு வாய் வைக்காமல் சாப்பிட மாட்டார்கள். ஆனால் அவர்கள் ஜோக் சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு அர்த்தம் புரிகிறது. அப்போது நான் மட்டும் சிரித்தால் நன்றாகவா இருக்கும்?

அடுத்த மாதம் லீவு கிடைக்கலாம் என்றீர்களே. கிடைத்தால் அந்த டாக்டரிடம் ஒரு நாள் சேர்ந்து போகலாம். அவசரமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கிரிஜா


விஷ்ராந்த்வாடி
ஆகஸ்ட்

அன்புள்ள நிர்மலுக்கு,

லீவு கிடைக்கவில்லை என்று நீங்கள் போனில் சொன்ன பிறகு இதை எழுதுகிறேன். பரவாயில்லை. உங்கள் மேனேஜர் மேல் கோபப்பட்டு வேலையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கணபதிக்கு இப்போதே தெருமுனையில் மூங்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மாலையில் பையன்கள் தோல் மேளம் அடித்துப் பழகுகிற சத்தத்தில் கதவெல்லாம் அதிர்கிறது. வீட்டில் வேறு சத்தம் இல்லாததால் அது எனக்கு வேண்டித்தான் இருக்கிறது.

ஜான்சியைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறேனா? எங்கள் கம்பெனி டிஸ்பாட்ச் செக்‌ஷன். கட்கியிலிருந்து வருகிறவள். பஸ்ஸில் என் பக்கத்து சீட். இத்தனை நாளும் அவளோடு என் உடைந்த ஹிந்தியில்தான் பேசிக்கொண்டிருந்தேன். போன வாரம் அவளுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. "வாரேன் வாரேன், கோழி வாங்கி வச்சிரு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாளையங்கோட்டைக் குடும்பமாம், தாத்தா காலத்தில் பட்டாளத்தோடு இங்கே வந்தவர்கள். பின் ஏன் என்னிடம் தமிழில் பேசவில்லை என்றால், "நீ சுத்தமான தமிழ் பேசுத. என் தமிழ் டூட்டா ஃபூட்டா, அரைகுறை. ஷரம் வருதுல்லா" என்று வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தத் துணிச்சலில் அவளையே கேட்டுவிட்டேன். ஆனால் பஸ்ஸில் ஆள் இருந்ததால் வெட்கம். "எனக்கு ஈறு ஜாஸ்தி. அதுக்கு டாக்டரைப் பாக்கணும். சனிக்கிழமை கூட வர்றீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள், கொஞ்சம் நகர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வருகிறேன் என்றுதான் சொன்னாள். இருந்தாலும் அவள் நகர்ந்தது எனக்கு இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை சொன்னபடி வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் போர்டைப் படித்துவிட்டு என் தலையை இன்னொரு தடவை பார்த்தாள். உள்ளே டாக்டர் கேமராவை வைத்துக்கொண்டு, இவரா உங்கள் தோழி என்று கேட்டாள். நான் நாற்காலியில் ஏறிப் படுத்ததும் ஜான்சிக்குப் பொறுக்கவில்லை. என் காதருகே குனிந்து, "ஏட்டி, தலையில ஈரு இருந்தா பல் டாக்டர்கிட்டயா வருவாக? பாகல், கிறுக்கி மாதிரி இருக்கியே! நான் எல்லாம் கொண்டாந்திருக்கேன், வா வீட்டுக்குப் போவோம்" என்று பையைத் திறந்தாள். பேன் சீப்பு ஒன்று, வேப்பெண்ணெய் பாட்டில் ஒன்று, பழைய வெள்ளைத் துண்டு ஒன்று.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் வீட்டில் ஈரு என்றால் பேன் முட்டை ஒன்றுதான். பல் ஈறு என்று ஒரு வார்த்தை இருப்பதே அவளுக்குத் தெரியாது. அதற்கு அவர்கள் வீட்டில் ஹிந்திதான். அதனால்தான் பஸ்ஸில் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படி நினைத்துக்கொண்டும் சீப்போடு வந்திருக்கிறாள், நிர்மல்!

சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எழுதத் தெரியவில்லை. நாற்காலி ஆடியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நிறுத்தப் பார்த்தால் அந்த வேப்பெண்ணெய் பாட்டில் கண்ணில் படும், மறுபடி ஆரம்பித்துவிடும். நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமல் ஜான்சி முதலில் பயந்து, அப்புறம் விஷயம் தெரிந்து, "ஹாய் ராம்" என்று தலையில் அடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள். அவள் மராத்தியில் விளக்கிச் சொன்னதும் டாக்டரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வீடியோவை எனக்கும் போட்டுக் காட்டினாள். என் ஈறுகளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மேலுதடு சர்ரென்று மூக்கு வரைக்கும் ஏறிவிடுகிறது. கீழே ரோஸ் நிறத்தில் அகலமாக ஈறு, அதற்கும் கீழே குட்டிக் குட்டியாகப் பல். உங்களுக்கு ஏன் கூச்சமாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. அழகு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீடியோவில் சிரிக்கிற அவள் என்னைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள்.

எலும்பில் குறையில்லையாம். உதடு ஏறுவதுதான் காரணம். முதலில் ஊசி போட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் தானாகவே பழையபடி ஆகிவிடும், பிடித்தால் நிரந்தரமான வழியைப் பிறகு யோசிக்கலாம் என்றாள் டாக்டர். நான் சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் போடுகிறார்கள்.

அந்த வீடியோவை உங்களுக்கு அனுப்பலாமா என்று கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அனுப்பவில்லை. ஊசி போட்ட பிறகு எடுக்கும் படத்தை அனுப்புகிறேன்.

அன்புடன்,
கிரிஜா


விஷ்ராந்த்வாடி
அக்டோபர்

அன்புள்ள நிர்மலுக்கு,

மழை நின்றுவிட்டது. துணியெல்லாம் பால்கனிக்குப் போய்விட்டது. நான் அனுப்பிய படத்துக்கு நீங்கள் கட்டைவிரல் போட்டிருந்தீர்கள். சூப்பர் என்றும் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஊசி வலிக்கவில்லை, எறும்பு கடித்த மாதிரிதான். கொஞ்ச நாளில் உதடு அடங்கிவிட்டது. இப்போது நான் எவ்வளவு சிரித்தாலும் பல் மட்டும்தான் தெரிகிறது. ஆபீஸில் கூட, மேடம், ஏதோ மாறியிருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். பொய் சொல்லவில்லை, எனக்கும் கண்ணாடியில் பார்க்கப் பிடித்திருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன வாரம் பஸ்ஸில் ஜான்சி ஏதோ சொல்ல, எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. உதடு மேலே ஏறப் பார்த்தது, ஏற முடியவில்லை. தும்மல் பாதியில் நின்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஜான்சி உற்றுப் பார்த்துவிட்டு, "என்னட்டி, சிரிப்பு பாதியிலயே நிக்கி? ஆதா சிரிப்பு யாருக்கு வேணும்?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரிடம் போய், மருந்தின் வேகம் குறைந்த பிறகு திரும்பப் போட வேண்டாம், உதட்டைத் தைப்பதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் முகம், உங்கள் இஷ்டம் என்றாள். யார் மேலும் கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்தான். கேட்பதற்காக இரண்டு தடவை கூப்பிட்டேன், நீங்கள் மீட்டிங்கில் இருந்தீர்கள்.

பிறகு நீங்களே கூப்பிட்டு, ப்ராஜெக்ட்டை நீட்டித்துவிட்டார்கள், எனக்கு விசா எடுப்பதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். நான் சரி என்றேன். குரலில் எதுவும் தெரியாமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு நாம் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் அறைக்குள் யாரோ ஏதோ சொன்னார்கள். நீங்கள் திரும்பிச் சிரித்தீர்கள். தலையைப் பின்னால் சாய்த்து, கண் மூடி, முழுசாக. கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பீர்கள். யார் என்று கேட்டேன். டிவி என்றீர்கள். சரி என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு சமைத்தேன், சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை ஜான்சி தங்கள் சர்ச்சுக்கும் அப்புறம் வீட்டுக்குச் சாப்பிடவும் கூப்பிட்டிருந்தாள். போகவில்லை. ஹாலில் உட்கார்ந்து, டாக்டர் எடுத்த அந்தப் பழைய வீடியோவைப் பார்த்தேன். பிறகு உங்கள் சிரிப்பை நினைத்துக்கொண்டேன். உண்மையான சிரிப்பு எது என்று இப்போது எனக்கு நன்றாக அடையாளம் தெரிகிறது.

இதற்காக நீங்கள் சங்கடப்பட்டு உடனே போன் செய்ய வேண்டாம். செய்தால் நான் வேறு ஏதாவது பேசி மழுப்பிவிடுவேன். இதைப் படித்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்து, உங்கள் கையெழுத்தில் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். சின்னதாக இருந்தாலும் போதும்.

குளிர்காலம் வந்துவிடும், கழுத்து வரை மூடுகிற ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இருமலை அலட்சியம் செய்யாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். அவ்வளவு தூரத்தில், தெரியாத பாஷைக்கு நடுவில், வாய்விட்டுச் சிரிப்பதற்கு உங்களுக்கும் ஒரு ஆள் இருக்க வேண்டும். கடவுள் அதைக் குறைவில்லாமல் கொடுக்கட்டும். கொடுத்துவிட்டிருந்தால், மறைக்காமல் எழுதுங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
கிரிஜா