வலிக்கு ஒரு கட்டம்

அன்புள்ள அக்கா,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். என் ஓட்டக் குழுவில் பதினொரு பெண்பிள்ளைகள். இன்ஜினியர் மூளையைக் கசக்கி நான் போட்ட பயிற்சி அட்டவணையில் ஒரு பிழை கிடையாது. ஆனாலும் ஒரே மாதத்தில் மூன்று பேர் பயிற்சிக்கு வராமல் நின்றுவிட்டார்கள். எரிச்சலில் மற்றவர்களிடம் பேனாவை நீட்டினேன்.

“அப்போ நீங்களே போடுங்க!”

“கோவிச்சுக்கிட்டுக் குடுத்தா வேணாம் சார்,” என்றாள் குழுவின் வாயாடி.

கோபத்தை விழுங்கி உட்கார்ந்தேன். அவர்கள் ஒரே ஒரு கட்டம்தான் சேர்த்தார்கள்: ‘இன்று எங்கே வலிக்கிறது?’ வலித்தால் எத்தனை சுற்று என்பதை ஓடுகிறவளே சொல்வாளாம். நின்றவர்களில் இருவர் திரும்பிவிட்டார்கள்.

நீ ஓடிய காலத்தில், உன் முழங்கால் வீங்கியிருந்த அன்றும் அப்பா, “இன்னும் ஒரு சுற்று,” என்றார். ஸ்டாப்வாட்ச் என் கையில் இருந்தது. வீக்கத்தைப் பார்த்தும் நான் விநாடியைத்தான் சொன்னேன். அதன்பிறகு நீ எந்த மைதானத்துக்கும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் போட்டி. அக்காவை எப்படியாவது இழுத்து வருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

“இழுக்காதீங்க சார். வர்றாங்களான்னு மொதல்ல கேளுங்க,” என்றாள் வாயாடி.

கேட்கிறேன். வருகிறாயா? மாட்டேன் என்றாலும் கோபிக்க மாட்டேன். இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி