கொம்பு முளைத்த ஜூன்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே வெயில். கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர்தான் சொல்கிறது. புதுவாயல் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் லேட். நாஷ்டா சாப்பிடவில்லை. செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்தி ஓட்டினேன்.

கேன்டீன் பக்கத்து போர்டில் புது நோட்டீஸ். சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள். பழைய ஆபரேட்டர் அடுத்த வாரம் வேலையை விட்டு நிற்கிறார். காண்ட்ராக்ட் ஆட்களில் விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். டெஸ்டில் தேறும் ஒருவருக்கு அந்த வேலை. இரண்டு தடவை படித்தேன். 'ஆண்கள் மட்டும்' என்று எங்கேயும் இல்லை.

பெயர் கொடுத்துவிட்டேன். ஸ்டெல்லா, பேக்கிங்.

யார் யார் என்ன சொன்னார்கள்:

சூப்பர்வைசர் தணிகாசலம் (இனி சூ. முழுப் பெயர் எழுத இங்க் வீண்): "இன்னாமா, வழி தவறி வந்துட்டியா? டைலரிங் கிளாஸ் இங்க இல்ல." அவரே சொல்லி அவரே சிரித்தார்.

லைனில் கூட நிற்கிற பெண்கள்: "ஸ்கூட்டியே ஓட்டத் தெரியாது. இதுல ஃபோர்க்லிஃப்ட்டு." உண்மைதான். சைக்கிள்கூடத் தெரியாது.

அக்கா: பெயிண்ட் வாளி மூடிகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இன்னாடி, ஒனக்கு கொம்பா மொளச்சிக்குது?"

கூடப் பிறந்தவள். எட்டு வருடம் முன்னால் இந்தக் கம்பெனிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவள். மற்றவர்கள் சிரித்தது காதோடு போனது. இவள் சொன்னதுதான் பஸ்ஸில் வீடு வரைக்கும் வந்தது.

ஜூன் 10, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வரவில்லை. மகள் ஜெனிக்கு ஸ்கூல் சாக்ஸ் வாங்க வேண்டும். மறந்துவிடாதே.

வேலை முடிந்து காக்களூரிலிருந்து வீட்டுக்காரர் பைக்கில் வந்து சேர எட்டரை. சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"வேணாம்னு சொல்லல. எதுக்கு இந்த பேஜாரு?"

"ஒக்காந்து வேல செய்யணும்ங்க."

அவரிடம் சொல்லாததையும் இங்கே எழுதுகிறேன். முதல் காரணம் அதுதான், உட்கார வேண்டும். எட்டு வருடமாக நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் பாம்பாட்டம் சுருண்டிருக்கிறது. அந்த வண்டியில் ஒரு சீட் இருக்கிறது.

இரண்டாவது காரணம் ஹாரன். பின்னால் வண்டி வரும், ஹாரன் அடிப்பான், நாங்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேசையோடு ஒட்டிக்கொள்வோம். எட்டு வருடமாகத் தள்ளி நிற்கிறேன். ஒரு நாளாவது ஹாரன் நான் அடிக்க வேண்டும். இதை வெளியில் சொன்னால் திமிர் என்பார்கள். திமிர்தான்.

ஜூன் 12, வியாழன்

முதல் பயிற்சி. வெயிலில் யார்டு தரை கொதிக்கிறது.

பெயர் கொடுத்தது இரண்டே பேர். நானும் ஏழுமலையும். ஏழுமலை எங்கள் ஊர்தான், கழனி வைத்திருக்கிற வீட்டுப் பையன், அவர்கள் வீட்டு டிராக்டரைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஓட்டினவன். கம்பெனிக்குள் என்னை "ஸ்டெல்லாக்கா" என்பான். ஊருக்குள் வெறும் ஸ்டெல்லா.

சொல்லிக்கொடுக்க வந்திருப்பவர் ஆந்திரா பக்கம், தடாவிலிருந்து வருகிறார். எல்லோரும் அவருக்கு நைனா. என்னையும் நைனா என்றுதான் கூப்பிடுகிறார். "நைனா, பெல்ட்டு போடு. நைனா, துப்பட்டாவ கோட்டுக்குள்ள சொருவு."

இன்று தெரிந்துகொண்டவை:
முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புப் பட்டைக்குப் பேர் கொம்பு. (எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று நைனாவிடம் சொல்லவில்லை.)
கொம்பைச் சுமை உட்கார்ந்திருக்கும் மரப் பேலட்டுக்கு அடியில் முழுசாக விட்ட பிறகுதான் தூக்க வேண்டும்.
சுமை உயரமாக இருந்தால் முன்னால் தெரியாது. ரிவர்ஸில்தான் போக வேண்டும்.
இதில் திரும்புவது முன்சக்கரம் இல்லை. பின்சக்கரம்.

கடைசியாக எழுதினதுதான் ஆளைக் கொன்றது. நான் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். வால் போய்ப் பிளாஸ்டிக் குருணை மூட்டை அடுக்கில் இடித்தது. இரண்டு மூட்டை கிழிந்து யார்டு முழுக்க வெள்ளைக் குருணை. ஓடி வந்தவர்களில் பாதிப் பேர் வழுக்கினார்கள். மீதிப் பேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சூ. வந்தார். "முடவன் கொம்புத் தேனுக்கு ஆசப்பட்ட மாரி. வாரிட்டு லைனுக்குப் போ."

இன்னொரு கொம்பு. நானே வாரினேன், முழுசும். பிறகு பாத்ரூமில் அழுதேன். துக்கம் இல்லை, கோபம். முகம் கழுவிக்கொண்டு லைனுக்குப் போனபோது அக்கா தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் தூறல். கவரைப்பேட்டை ரயில் கேட் மூடி, பஸ் நின்று, எல்லோரும் சிடுசிடுப்பு.

பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பேர், நான் இருப்பது தெரியாமல்: "அந்தம்மா நேத்து குருணைல கோலம் போட்டுதாம்." மற்றவன்: "ஆச கீது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் கீது கழுத மேய்க்க." எழுந்து நின்று திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வழியாக மழையை ரசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இடைவேளையில் ஏழுமலை டீயோடு வந்தான். கெட்டவன் இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமலே பேசத் தெரிந்தவன்.

"தப்பா எடுத்துக்காதக்கா. எங்க ஊட்டு கழனில ஒங்கம்மா நாத்து நட்டாங்க. நான் அப்பவே டிராக்டரு ஸ்டீரிங் புட்ச்சவன். வண்டின்றது பழக்கத்துல வரணும்."

"எங்கம்மா எப்பிடி நட்டாங்கன்னு பாத்துக்கீறியா?"

"வரப்புல ஒக்காந்துக்கினு பாத்துக்கீறேனே."

"எந்தப் பக்கமா நடந்துக்கினு நட்டாங்க?"

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. எனக்கும் கேட்ட பிறகுதான் புரிந்தது.

நடவில் யாரும் முன்னால் போவதில்லை. குனிந்து, நட்டு, பின்னால் ஒரு அடி. மறுபடி நட்டு, பின்னால் ஒரு அடி. நானும் அக்காவும் லீவு நாளெல்லாம் அம்மாவோடு அவர்கள் கழனியில் அப்படித்தான் நகர்ந்தோம். வரப்பு வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்ப்பதில்லை, குதிகால் சொல்லிவிடும். அந்த இடுப்பு வலி எனக்கு மறுபடி வேண்டவே வேண்டாம். ஆனால் பின்னால் போகத் தெரியாது என்று மட்டும் எவனும் என்னிடம் சொல்லக் கூடாது.

மதியம் வண்டியில் ஏறினதும் மூக்கை மறந்தேன். வாலை மட்டும் நினைத்தேன். வால்தான் என் குதிகால். திருப்பத்தில் உள்பக்கம் ஒட்டிப் போனேன், வால் வெளியே வீச இடம் விட்டேன். எதுவும் இடிபடவில்லை.

நைனா: "நைனா, நேத்து வந்தது ஒங்க தங்கச்சியா?"

நாள் முழுக்க இதை நினைத்து நினைத்துச் சந்தோஷம். ஜெனியின் சாக்ஸ் மறந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலில் ஃபேன் ஓடவில்லை. பிரசங்கம் நீளம். சிக்கன் அரைக் கிலோ. சாக்ஸ் வாங்கியாயிற்று.

பூசை முடிந்து வாசலில் அக்கா என் கையைப் பிடித்தாள். ஆறு நாள் கழித்து முழுசாகப் பேசினாள்.

"பேர வாபஸ் வாங்கிடுடி."

"ஏன்க்கா?"

"நீ இடிச்சா ஒன்ன மட்டும் அனுப்ப மாட்டான். ஒன்ன இட்டாந்தவ யாருன்னு கேப்பான். ரெண்டு பேரும் ரோட்டுல நிப்போம். நான் இன்னும் ரெண்டு புள்ளைங்களக் கரையேத்தணும்."

இதுதானா. இத்தனை நாள் பொறாமை என்று நினைத்து மனசுக்குள் அவளை வைதுகொண்டிருந்தேன். பயம். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களை அவள் வளர்க்கிற கதை எனக்குத் தெரியாதா.

"இடிக்க மாட்டேன்க்கா."

"எப்பிடிச் சொல்ற?"

"நாத்து நடும்போது நான் ஒம்மேல எப்பனாச்சும் இடிச்சுக்கீறனா?"

அவள் கையை விட்டுவிட்டு நடந்தாள். வாபஸ் வாங்க மாட்டேன். அவளுக்காகவாவது வாங்கலாமே என்று சாயங்காலம் வரை மனசு அரித்தது. அவளுக்காகத்தான் வாங்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. பயந்து பயந்து இரண்டு பேரும் அதே மேசையில் கிழவியாக வேண்டுமா?

ஜூன் 17, செவ்வாய்

டெஸ்ட். மேகமூட்டம்.

டிரம்களை நிறுத்தி வளைவு. மூட்டை ஏற்றின பேலட்டை எடுத்து, ரிவர்ஸில் குடோன் கதவு வழியாகப் போய், ரேக்கில் இரண்டாவது தட்டில் வைக்க வேண்டும். மார்க் போடுவது நைனா. வேடிக்கை பார்ப்பது சூ., பாதி கம்பெனி.

முதலில் ஏழுமலை. என்ன வேகம், என்ன ஸ்டைல். ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை தொடையில். வளைவில் டிராக்டர் பழக்கத்தில் அகலமாக வளைத்தான். வால் போய் வெளிப்பக்க டிரம்மை அடித்து உருட்டியது. அடுத்ததையும். அவன் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தான், பாவம்.

அடுத்து நான். மெதுவாக. யாரோ, "மாட்டு வண்டி வருது, வயி உடு." இன்னும் மெதுவாகப் போனேன். வளைவு சரி. கொம்பை உள்ளே விட்டேன், சரி. தூக்கினேன். கழுத்தைத் திருப்பிக்கொண்டு ரிவர்ஸ். கதவுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண். கதவருகே சூ. நின்றிருந்தார், நகரவில்லை. வண்டியை நிறுத்தினேன். ஹாரன் அடித்தேன். நகர்ந்தார்.

ரேக்கில் வைத்தபோது சத்தம்கூட வரவில்லை.

நைனா தாளில் கையெழுத்துப் போட்டு எல்லோர் முன்னாலும் படித்தார். ஸ்டெல்லா பாஸ். ஏழுமலை அடுத்த தடவை. சூ. தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "பாக்கலாம்."

ஜூன் 18, புதன்

போர்டில் ஒன்றும் இல்லை. வண்டியில் ஏழுமலை. நான் லைனில் மூடி அடுக்குகிறேன். ஹாரன், தள்ளி நில், ஹாரன், தள்ளி நில்.

லஞ்சுக்கு முன் சூ. அறைக்குப் போனேன்.

"சார், என் ரிசல்ட்டு?"

"பாஸு பண்ட்ட, சந்தோஷம். ஆனா இது லேடீஸுக்கு செட் ஆவாதும்மா. நான் ஒன் நல்லதுக்குச் சொல்றேன்."

"சரி சார். அத போர்டுல எழுதிடுங்க."

"இன்னாத்த?"

"லேடீஸுக்கு வேல இல்லன்னு. எழுதி கீழ சைன் போடுங்க. நான் படிச்சிட்டு லைனுக்குப் போறேன். கேக்க மாட்டேன்."

மேசையில் கிடந்த பேனாவை எடுத்து அவர் பக்கம் வைத்தேன். எடுக்கவில்லை. பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார்.

"போம்மா. போய் வேலயப் பாரு."

வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வார்கள். எழுதச் சொன்னால் ஒருத்தருக்கும் கை வராது.

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "நெஜமா பேனாவ எடுத்து வெச்சியா?" பிறகு தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என் தட்டையும் அவரே கழுவினார். கல்யாணமாகி முதல் தடவை.

ஜூன் 19, வியாழன்

நேற்று ராத்திரி நல்ல மழை. சிப்காட் ரோடெல்லாம் குளம்.

கேட்டில் செக்யூரிட்டி, "ஒன்ன சூப்பர்வைசரு கூப்ட்டாரு." போகும் வழியில் போர்டு. வெள்ளைத் தாள். நீல இங்க்கில், சூ. கையெழுத்தில்: ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் — ஸ்டெல்லா. எழுதத் தெரியாத மனுஷன் இல்லை. அறையில் சாவியை மேசைமேல் வைத்தார், கையில் தரவில்லை. பரவாயில்லை. எடுத்துக்கொண்டேன்.

சீட் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. நாளைக்குத் துணி போட வேண்டும்.

ஏழுமலை வந்து, "டிராக்டரே தேவல," என்றான். பிறகு, "அந்த வளைவ ஒருவாட்டி காட்டுக்கா." காட்டுகிறேன் என்றேன்.

முதல் லோடு, காலி வாளிகள், பேக்கிங் லைன் வழியாக. மஞ்சள் கோட்டுக்குள் மெதுவாக. அக்காவின் முதுகு தெரிந்தது. ஹாரன் அடித்தேன். எல்லோரும் மேசையோடு ஒட்டினார்கள். அவள் மட்டும் திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழியிலேயே நின்றாள். மெஷின் சத்தத்துக்கு மேல் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, முகமெல்லாம் பல்லாக:

"இன்னாடி, கொம்பா மொளச்சிக்குது ஒனக்கு?"

"ஆமாக்கா. ரெண்டு. தள்ளி நில்லு."