கௌசலாவின் பக்கக் குரல்

இஞ்சருங்கோ,

ஞாயிற்றுக்கிழமை எங்கட கௌசலாவோட கணினியில கதைக்கேக்க நான் பதிஞ்சதைக் களவாப் போட்டுக் கேட்டிட்டு, "இதில உம்மட குரல் மட்டுந்தானேயப்பா கேக்குது. பிள்ளையின்ர குரல் எங்க?" எண்டு கேட்டீங்கள்.

"ஒன்பது வருஷமாக் கதைக்காத மனுசனுக்கு அவளின்ர குரல் எதுக்கு?" எண்டு நானும் சுடச்சுடச் சொல்லிப்போட்டன். பிழை என்னிலதான். இயர்போனை மாட்டிக்கொண்டு பதிஞ்சதால அவளின்ர கதை ஒண்டும் விழயில்லை.

நாளைக்கு லண்டனில கௌசலாவுக்குத் தொண்டை ஒப்பரேசன். குரல்வளையை எடுத்தால் பிறகு அவளுக்குக் குரல் இல்லை. இண்டைக்கு நாலு மணிக்குக் கணினியில கோல் எடுப்பாள். அதுதான் கடைசி.

பக்கத்து வீட்டுச் சுரேகா கணினியைச் சரிசெய்து தந்திட்டாள். பதியிறதுக்குச் சிவப்பு வட்டத்தை அமத்த முதல், மைக், கணினிச் சத்தம் இரண்டிலயும் சரி அடையாளம் போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. இயர்போன் வேண்டாம்.

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியில மூடிக் கிடக்கு. வயலால வந்து முதல் சாப்பிடுங்கோ.

வவுனியாவில வேலையிருக்கெண்டு சொன்னது பொய்; எனக்கு அங்க ஒரு வேலையும் இல்லை. நான் நிண்டால் நீங்கள் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டிட்டுப் போயிடுவியள். இப்பவும் அவளின்ர கோலை எடுக்கமாட்டியள் எண்டுதான் மனம் சொல்லுது.

பி.கு.: நீங்கள் வேண்டாமெண்ட வீரையாவின்ர பெடியனை அவள் கட்டின நாளில இருந்து உங்களிட்டக் கேக்காமல் வைச்சிருந்ததைக் கேக்கிறன். மன்னிக்க வேண்டாம். அவள் "அப்பா" எண்டு சொல்லுறதும் அதில பதிய வேணும். ஒருக்கா அவளைப் "பிள்ளை" எண்டு கூப்பிடுங்கோ.