ஒரு டிரான்ஸ்பார்மர் அதிகம்

நேற்று அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் செத்தது. முதலில் மீன் வாடைதான் வந்தது. யாரோ கருவாடு கொண்டுவந்துவிட்டார்கள் என்று எல்லோரும் அடுத்தவர் சாப்பாட்டுப் பையைப் பார்த்தார்கள். நான் மட்டும் சுவரில் சுவிட்சைத் தேடினேன். கெபாசிட்டர் வெந்து வெடிக்கும் முன்னால் அப்படித்தான் நாறும். உனக்குத் தெரியாததா. "ரசல் மார்க்கெட் மீன்கடை வந்துடுச்சுடி, பிளக்கைப் புடுங்கு" என்பாய்.

பிடுங்கினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மதியம் வரை கை நடுங்குவது நிற்கவில்லை. மேஜைக்கு அடியில், இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே வைத்து அழுத்திக்கொண்டேன்.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. இதை எழுதாமல் இருக்கக் காரணங்கள் வைத்திருந்தேன். நேற்றோடு அவை தீர்ந்துபோயின.

சிவாஜி நகரின் பின்சந்து. தகரக் கொட்டகை. ஆளுயர மரப்பெட்டிகள், நடுவில் திரை, இடுப்பளவில் தகடு, அதில் பட்டன்கள், கீழே காசு போடும் கதவு. பேக்கரிக்கு வெளியிலும் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் நின்ற வீடியோ கேம் பெட்டிகள். பழசானவற்றை முதலாளி வாங்கி வருவார். பவர் சப்ளையை மாற்றித் தருவது நம் வேலை. நான் பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ், நீ டிப்ளமா. நான் கண்டோன்மென்ட்டிலிருந்து நடந்து வருவேன். நீ தங்கவயலிலிருந்து ரயிலில். தொண்ணூறுகளின் நடுவில் அந்த வேலைக்கு வேறு பெண்கள் இருந்தார்களா தெரியாது. நாம் பார்க்கவில்லை.

கடைகளுக்குப் போனால் கூட்டம் விலகி நின்று வேடிக்கை பார்க்கும். "டேய், லேடீஸ் ரிப்பேர் பண்ண வந்துகிறாங்கடா." ஒருவன் கேட்டான், "மேடம், உங்களுக்கு ஆடத் தெரியுமா?" நீ திரும்பாமலே சொன்னாய், "ஆடத் தெரியாது தம்பி. நிறுத்தத் தெரியும்." சொல்லிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினாய். அவன் ஜெயிக்கிற நேரம்.

உனக்குப் பயம் கிடையாது. அதை இங்கே எழுதி வைக்க வேண்டும். அப்போது உனக்குப் பயமே கிடையாது.

பழைய பவர் சப்ளை என்றால் இரும்பு. தூக்கினால் இடுப்பு பிடிக்கும். புதியது டிபன் டப்பா மாதிரி, ஒரு கையில் அடங்கும். மாற்றுவது சுலபம். ஒரு இடத்தில் மட்டும் கவனம். உள்ளூரில் செய்த பெட்டிகளில் படத்துக்கு டிவியின் வயிற்றைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். அந்த டிவிக்குள் இருக்கும் தகட்டில் வீட்டுக் கரெண்ட் நேராக ஓடும். டிவியாக இருக்கும்வரை பரவாயில்லை, யாரும் உள்ளே கை விடுவதில்லை. கேம் பெட்டியில் அதே கரெண்ட் ஒயர் வழியாக வெளித்தகட்டுக்கு வந்துவிடும், ஆடுகிறவன் கை வைக்கிற தகட்டுக்கு. அதைத் தடுக்க நடுவில் தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர். பழைய சப்ளையும் அதுவும் ஒரே பலகையில் திருகியிருக்கும். பலகையைக் கழற்றி, பழையதைத் தூக்கிப் போட்டு, சின்னதைத் திரும்ப வைக்க வேண்டும்.

வைக்க மறந்தால்? படம் வரும். சத்தம் வரும். எல்லாம் வரும். நம் வேலையில் அதுதான் பயங்கரம். தப்பும் சரியாகவே ஓடும்.

அதனால்தான் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒயர் கட்டியவள் பின்கதவை மூடக் கூடாது. மற்றவள் வந்து பார்த்து, அவள்தான் மூட வேண்டும்.

அந்த வியாழக்கிழமை மூன்று பெட்டிகள். மல்லேஸ்வரத்துக்கு ஒன்று, சந்தாபுராவுக்கு ஒன்று, அத்திபெலேவுக்கு ஒன்று. டெம்போ வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குப் பக்கத்துக் கடைக்கு உனக்குப் போன் வந்தது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சுரங்கத்தில் இருந்தவர், நெஞ்செல்லாம் தூசு. நீ திரும்பி வந்து பேசாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாய். அரை மணி நேரம் வேலை செய்தாய், பிறகு ரயிலுக்கு ஓடினாய். நான் மிச்சத்தை முடித்து எல்லாக் கதவையும் நானே மூடினேன்.

சனிக்கிழமை காலை நீ வந்துவிட்டாய். அப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார் என்றாய். கழற்றிப் போட்ட பழைய இரும்பை மூலையில் அடுக்கிக்கொண்டிருந்தாய். சட்டென்று சத்தம் நின்றது.

"இது இங்க இன்னாடி பண்ணுது?"

உன் கையில் சின்ன டிரான்ஸ்பார்மர்.

இரண்டு பேரும் அதையே பார்த்தோம். மூன்று பெட்டிகளில் ஒன்று இது இல்லாமல் போயிருக்கிறது. எது என்று தெரியாது.

முதலாளி துறைமுக வேலையாக மெட்ராஸ் போயிருந்தார். மல்லேஸ்வரம் பேக்கரிக்கு மட்டும் போன் இருந்தது. "பெட்டியை ஆஃப் பண்ணுங்க, நாங்க வரோம்" என்றாய். பேக்கரிக்காரர் கன்னடமும் தமிழுமாகச் சிரித்தார். "இவத்து, இன்னிக்கி சனிக்கிழமை மா. ரஷ்ஷு. உங்க ரிப்பேர் நாளைக்கு வெச்சிக்குங்க."

"பிரிஞ்சு போலாமா?" என்றேன்.

"வேணாம். தனியா அதைப் பாக்க என்னால முடியாது."

எனக்கும்தான். சேர்ந்தே போனோம். அந்த டிரான்ஸ்பார்மரைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டோம்.

மல்லேஸ்வரம். நீ டெஸ்டரைத் தகட்டில் வைத்தாய். விளக்கு எரியவில்லை. பின்கதவைத் திறந்தால் டிரான்ஸ்பார்மர் இருந்தது. பேக்கரிக்காரர் பன் கொடுத்தார். கையில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினோம். தின்றோமா, நினைவில்லை.

சந்தாபுரா. மளிகைக் கடை அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "முந்தாநாள்தான வெச்சீங்க, அதுக்குள்ள ஆப்பரேஷனா?" இங்கேயும் விளக்கு எரியவில்லை. டிரான்ஸ்பார்மர் இருந்தது.

அப்படியென்றால் அத்திபெலே.

அந்தக் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார்கள், பஸ்ஸுக்குள் இருட்டு. பை என் மடியில். இரும்பு தொடையில் அழுத்தியது, நான் நகர்த்தவில்லை. லாரிகள். ஒரு லாரிக்குப் பின்னால் இன்னொரு லாரி.

"நான்தான்டி," என்றாய். "அன்னிக்கு என் தலை இங்க இல்ல. எங்கப்பா மூஞ்சிதான் தெரிஞ்சுகினு இருந்துச்சு. நான்தான்."

"பாக்கலாம்" என்றேன்.

"யாராச்சும் செத்திருந்தா கடை முன்னாடி கும்பல் இருக்கும்ல? கும்பல் இருந்தா நான் எறங்க மாட்டேன். சொல்லிட்டேன்."

கும்பல் இருந்தது.

பஸ் நின்றபோதே தெரிந்தது. கடை வாசலில் இருபது முப்பது முதுகுகள். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். பிறகு விட்டுவிட்டு எனக்கு முன்னால் இறங்கி ஓடினாய். இறங்க மாட்டேன் என்று சொன்னவள்.

கடைக்காரர் நம்மைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். "வாங்கம்மா, வாங்க! இன்னா பெட்டிம்மா குடுத்தீங்க! தொட்டா ஜிவ்வுங்குது. அதுக்குன்னே வரானுங்க!"

லாரி கிளீனர்கள், இருபது வயசுக்காரர்கள். யார் அதிக நேரம் தகட்டில் கை வைத்திருக்கிறான் என்று பந்தயம். மழைத்தண்ணீர் கடைக்குள் கணுக்கால் அளவு வந்திருந்தது. கால் நனையாமல் ஆடக் கடைக்காரர் ஒரு மரப்பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். அவ்வளவுதான். அவர்களுக்கும் சாவுக்கும் நடுவே இருந்தது அந்தக் கவிழ்ந்த பெஞ்சு.

ஒருவன் அதன் மேல் நின்றிருந்தான். ஒரு கை தகட்டில். அடுத்தவனுக்கு இடம் விட ஒரு காலைத் தண்ணீரை நோக்கி இறக்கினான், கையை எடுக்காமலே.

"எறங்காத! கைய எடு! மொதல்ல கைய எடு!" என்று கத்தினாய்.

அவன் சிரித்தான். "இன்னாக்கா, பயமா?" ஆனால் கால் அந்தரத்தில் நின்றது.

நீ தண்ணீருக்குள் இறங்கினாய். செருப்பு ஒன்று மிதந்தது. சுவரோரம் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாய். திரை அணைந்தது. கும்பல் ஓவென்று கத்தியது. "ஏய், கடைசி ரவுண்டுடீ அது!"

யாரும் சாகவில்லை. அவன் கால் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. 'ப்ளக்' என்று. வேறொன்றும் ஆகவில்லை.

நீ வெளியே போனாய். பக்கத்துப் பஞ்சர் கடை டயர் அடுக்கில் உட்கார்ந்து மழையிலேயே வாந்தி எடுத்தாய். கடைக்காரர் சோடாவைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் ஓடினார்.

நான் பின்கதவைத் திறந்தேன்.

இதற்காகத்தான் இந்தக் கடிதம். இதுவரை எழுதியதெல்லாம் உனக்குத் தெரியும். இனி எழுதுவது தெரியாது.

ஒயர்களை நீ எப்போதும் கறுப்பு டேப்பால் சுற்றுவாய். நான் நூலால் கட்டுவேன். அம்மா கோயில் வாசலில் பூ கட்டுகிறவள். என் விரலுக்குத் தெரிந்த ஒரே முடிச்சு பூக்கட்டு முடிச்சு. "இன்னாடி, பெட்டிக்குக் கல்யாணமா?" என்று நீ கிண்டல் பண்ணுவாய்.

டிரான்ஸ்பார்மர் இருக்க வேண்டிய இடம் காலி. அதைத் தாண்டி நேராகப் போன ஒயர்களில் நான்கு முடிச்சுகள். வரிசையாக, அழகாக. மல்லிகை வைத்தால் நின்றிருக்கும்.

என் கை. மல்லேஸ்வரத்திலும் சந்தாபுராவிலும் பார்த்தது உன் டேப்.

நான் திரும்பிப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்திருந்தாய். கடைக்காரர் உன் முதுகைத் தடவலாமா கூடாதா என்று கையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தார். நான் கட்டரை எடுத்தேன். நான்கையும் வெட்டினேன். நூலைப் பையில் போட்டுக்கொண்டேன். டிரான்ஸ்பார்மரை வைத்து, ஒயரைச் சேர்த்து, உன் டேப்பை எடுத்து உன்னைப் போலவே சுற்றினேன். மூன்று சுற்று, கடைசியில் கட்டைவிரலால் ஒரு அழுத்து.

நீ வந்தாய். ஈரம் சொட்டியது. டேப்பைப் பார்த்தாய்.

"நான்தானே?"

"சரி பண்ணியாச்சு," என்றேன். "இனிமே ஒண்ணும் இல்ல."

நீ கேட்டதற்கு அது பதில் இல்லை. உனக்கு அது போதுமாக இருந்தது. தலையை ஆட்டினாய்.

ஏன் செய்தேன் என்று இந்தப் பத்து வருடமாக யோசித்திருக்கிறேன். வேலை போய்விடும் என்றா? இல்லை, முதலாளியிடம் நாம் சொல்லவே இல்லை. உன் முன்னால் கொலைகாரியாக நிற்கப் பயம். அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். நீ ஏற்கெனவே நின்றுவிட்டாய். அந்த இடம் நிரம்பிவிட்டது.

திங்கட்கிழமை நீ வந்தாய், டூல் பையை மேஜையில் வைத்தாய். "என்னால ஆவலடி. சோல்டர் எடுத்தா கை ஆடுது." முதலாளி அப்பாவுக்காக என்று நினைத்துக்கொண்டார். நீ தங்கவயலில் ஒரு நர்சரிப் பள்ளிக்குப் போனாய். நான் இன்னும் மூன்று வருடம் அங்கே இருந்தேன். கை நல்ல கை என்று பெயர் வாங்கினேன்.

சொல்ல முன்பும் வந்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு வந்தபோது. குழந்தை பிறந்தபோது. நீ ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது பேசுவாய், நான் அதைப் பிடித்துக்கொள்வேன். ஒரு முறை நீயே ஆரம்பித்தாய். "அந்தப் பையன் இப்ப எங்க இருப்பான்? கல்யாணம் ஆயிருக்குமா?" "ஆயிருக்கும்" என்றேன். காபி ஆறிவிட்டது என்றேன்.

போன மாதம் சாவுக்கு வந்து, பிறகு பதினாறாம் நாள் திரும்பவும் வந்தேன். உன் வீட்டுக்காரர் என்னை உட்கார வைத்துப் பேசினார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதாங்க என்றார். பிறகு சமையலறையைக் காட்டினார்.

"ஒரு மிக்ஸி இல்ல பாருங்க. வாங்கிக் குடுத்தேன், அட்டப்பெட்டியோட பரண்ல இருக்குது. அவளுக்குக் கரெண்ட்டுன்னாவே ஆகாதுங்க. படிச்சது எலக்ட்ரானிக்ஸ். நாங்க சிரிப்போம். சில நாளு தூக்கத்துல எழுந்து உக்காந்து கைய எடு, கைய எடும்பா. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

கிளம்பும்போது தூறல். உன் மகள் உள்ளேயிருந்து ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தாள். ஆறு வயசு இருக்குமா? ஏறி நின்றாள். முதலில் பாவாடையில் கையைத் துடைத்தாள், இரண்டு பக்கமும். பிறகு எட்டி மெயின் சுவிட்சை இறக்கினாள். வீடு இருண்டது. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. பழகிய காரியம் போல.

"மழை வந்தா ஆஃப் பண்ணிடணும் ஆன்ட்டி," என்றாள். "இல்லன்னா யாராச்சும் செத்துப் போயிடுவாங்க. அப்புறம் நம்மதான் காரணம்."

அந்தக் குரலில் சந்தேகமே இல்லை.

ரயிலில் திரும்பும்போது ஒன்று புரிந்தது. பயத்தை உன்னிடம் விட்டுவிட்டு வந்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்னிடமும் அது குறையவே இல்லை. நேற்று மேஜைக்கு அடியில் நடுங்கியதும் அதுதான். உனக்கு அது வீணாகத்தான் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கவயலுக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரரிடம் சொல்வேன். கோபப்படுவார், படட்டும். உனக்குச் சொல்லாமல் அவருக்குச் சொல்வது சரியில்லை என்றுதான் முதலில் இது.

உன் மகளுக்கு எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. ஆறு வயசுக்குப் புரிகிற மாதிரி ஒரே வாக்கியம்தான் வைத்திருக்கிறேன். பஸ்ஸில், குளியலறையில், உதட்டை அசைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உங்கம்மா கட்டிய பெட்டி இரண்டும் சரியாக இருந்தது, கண்ணு.