பிடிஎஃப் ஆன பயோடேட்டா

ரூத்,

அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். நெத்திலிக் குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடு. நான் திருப்பரங்குன்றத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறேன். அவர்கள் ஐந்து மணிக்கு உன்னைப் பார்க்க வருமுன் ஒரு தவறைச் சரிசெய்தாக வேண்டும்.

"பயோடேட்டாவ வேர்டுல அனுப்பாதீங்கப்பா, யாரு வேணாலும் மாத்திருவாங்க. பிடிஎஃப் ஆக்குங்க" என்று நீ அன்றே சொன்னாய். அதற்குக் காசு கேட்பார்கள் என்று நான்தான் மறுத்தேன். இடையில் வாங்கி அனுப்பிய டோனி சித்தப்பா, உன் உயரம் ஐந்தடி இரண்டை ஐந்தடி ஆறு ஆக்கிவிட்டான். கேட்டால், "விடுண்ணே, நாலு இஞ்சுதான, சேலைல தெரியாது" என்கிறான். நம் குடும்பத்தில் யாரும் ஓர் அங்குலம்கூடப் பொய் சொன்னதில்லை.

நீ சொன்னபடியே காலையில் 'சேவ் ஆஸ்' போய்ப் பிடிஎஃப் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பைசா கேட்கவில்லை. நேற்று உன்னிடம் கத்தியதை மனதில் வைக்காதே. மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் புதியதை அனுப்பியாயிற்று. அவர் அதைத் திறந்து படிப்பதை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன்.

மாலையில் ஹீல்ஸ் செருப்பு வேண்டாம். நிமிர்ந்து நில், போதும்.

அப்பா

பி.கு.: மாற்றுமுன் நம் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியை முழுவதும் படித்தேன். தந்தை, தலைமையாசிரியர் (ஓய்வு) என்று இருந்தது. முன்னால் 'உதவி' சேர்த்துவிட்டேன். அது டோனி செய்த வேலை இல்லை. அவனிடம் சொல்லித் தொலைக்காதே.