திருச்சியில் திறக்காத விமானக் கதவுக்கு எழுத்துச் சான்று கேட்டு

அனுப்புநர்:
ச. பொன்னுரங்கம்,
ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்,
மேட்டுத் தெரு, சிதம்பரம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

பொருள்: என் மகன் வந்த விமானம் திருச்சியில் நின்றபோது பயணிகள் இறக்கப்படவில்லை என்பதற்கு விமான நிறுவனத்திடம் எழுத்துச் சான்று பெற்றுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. கடலூர்–சிதம்பரம் தடத்தில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன் நான். என் மனைவி அமராவதி கடந்த 4-ஆம் தேதி, வியாழக்கிழமை, மாரடைப்பால் இறந்துபோனாள். ஒரே மகன் செம்பியன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். அவனுக்கு மறுநாள் காலை விமானத்தில்தான் இடம் கிடைத்தது.

2. சிங்கப்பூர்–சென்னை சுமார் 2,900 கி.மீ., நான்கு மணி நேரம் என்று மகள் கயல்விழி கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள். சென்னையிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். வெள்ளி மாலை எடுப்பதாக உறவுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். மழைக்காலத்தில் தடத்து நேரத்தை நம்பக்கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவன்தான். வானத்தில் கேட் ஏது என்று நினைத்துவிட்டேன்.

3. சென்னையில் கனமழை. விமானம் இறங்க முடியாமல் சுற்றிவிட்டுத் திருச்சிக்குப் போனது. அங்கிருந்து எங்கள் வீடு நான்கு மணி நேரம்கூட இல்லை. "அப்பா, திருச்சியிலதாம்பா நிக்கறேன், எறங்க வுடமாட்டேங்கறாங்க. அம்மாவ தூக்கிடாதீங்கப்பா" என்று உள்ளிருந்தே போனில் அழுதான். சென்னைப் பயணிகளைச் சென்னையில்தான் இறக்க வேண்டுமாம். விதியை நான் குறை சொல்லவில்லை.

4. இங்கே மழையில் கரண்டு போய் ஐஸ் பெட்டி நின்றுவிட்டது. மறுநாள் சனிக்கிழமை, சனிப் பிணம் தனிப் போகாது என்று பெரியவர்கள் பதறினார்கள். இருட்டவும் தொடங்கியது. எடுத்துவிடலாம் என்று நான் தலையசைத்தேன். கொள்ளியையும் நானே வைத்தேன். மழை விட்டபின் சென்னையில் இறக்கப்பட்டு, இரவு வந்து சேர்ந்த மகன் வீட்டுக்குள் வராமல் நேரே சுடுகாட்டுக்குப் போனான்.

5. வரும் 19-ஆம் தேதி கருமாதி. மகனுக்குத் தாய்மாமன் தலைப்பாகை கட்ட வேண்டும். திட்டக்குடியிலிருந்து வந்த என் மச்சான் கொளஞ்சியப்பன், "திருச்சி வரைக்கும் வந்தவன் ஒரு பஸ் புடிச்சி வரமாட்டானா? பெத்தவ மொகத்தப் பாக்க மனசில்ல அவனுக்கு. நான் கட்டமாட்டேன்" என்று உறவினர் முன்னால் சொல்லிவிட்டார். அவர் மீதும் எனக்குக் கோபமில்லை. கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்தவர். பஸ்ஸும் ரயிலும் மட்டுமே ஏறியவர். நின்ற வண்டியிலிருந்து ஒருவன் இறங்க முடியாது என்று எத்தனை சொன்னாலும் அவருக்குப் புரியவில்லை.

6. விமான நிறுவனத்துக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது. எந்த எண்ணை அழுத்தினாலும் ஆள் வருவதில்லை.

ஆகவே ஐயா, திருச்சியில் கதவு திறக்கப்படவில்லை என்ற ஒற்றை வரியைக் கருமாதிக்கு முன் எழுத்தில் வாங்கித் தாருங்கள். மச்சானுக்குப் படித்துக் காட்ட ஒரு பிரதி போதும். இன்னொரு பிரதி என் மகனுக்கு வேண்டும். கதவை உடைத்துக்கொண்டாவது இறங்கியிருக்கலாமே என்று அவன் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

இடம்: கடலூர்
நாள்: 8.12.2025

தங்கள் உதவியை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ச. பொன்னுரங்கம்